கடலுக்கு வைத்த மதகு

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வங்காள விரிகுடாவின் எதிரில் குனிந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கையிலிருந்த குடையின் நுனியால் ஓரிடத்தைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. குடை தொட்ட இடத்தில் ஒரு பப்பாளிக் காம்பு செருகியிருந்தது. காம்பின் வாயில் துணி அடைத்திருந்தது. அதைப் பிடுங்கினால் போதும், கடல் வடிந்து ஒரு சாண் அகல வாய்க்கால் வழியாக என் கீரைப்பாத்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பாவாயி அக்கா பதில் சொன்னாள். “மதகுங்க.”

“எதுக்கு மதகு?”

“கடலுக்குங்க.”

பள்ளிக்கூட வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் எனக்குத்தான். அன்று சாயங்காலத்துக்குள் என் பள்ளிக்கூடம் இருக்குமா, இழுத்து மூடுவார்களா என்று.

நான் பார்க்காத கடல்

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, சென்னையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “சேலத்துக்காரியான உங்களுக்கு அந்தக் காலத்தில் கடலைப் பற்றி என்ன தெரிந்திருக்கும், பூகோளம் வேறு நடத்தினீர்களாக்கும்” என்று கிண்டல். நியாயமான கேள்விதான் ஐயா. ஒன்றும் தெரியாது. ஆனாலும் நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அப்பா சேலத்தில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். வீட்டுக்கு நான் மூத்த பெண். கன்னியர் மடத்தில் படித்து, டீச்சர் பயிற்சி முடித்த கையோடு என்னை நாமக்கல் பக்கத்துப் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, வண்டித் தடத்தில் நடந்தால் வருகிற ஒரு சிற்றூரின் பெண்கள் பள்ளிக்குப் போட்டார்கள். ஓடு வேய்ந்த ஒரே கூடம், வாசலில் ஒரு புங்கமரம். டீச்சரும் நானே, ஹெட்மாஸ்டரும் நானே, மணி அடிப்பவளும் நானே.

பூகோளப் புத்தகத்தில் முதல் பாடமே “நமது ராஜதானி”. சென்னை ராஜதானிக்கு, அதாவது சென்னை மாகாணத்துக்கு, கிழக்கே கடல், மேற்கேயும் கடல் என்று அது ஆரம்பிக்கும். பக்கத்துக்குப் பக்கம் துறைமுகம், கலங்கரை விளக்கம், கப்பல். சேலம் ஜில்லாவுக்கு நான்கு வரி. நாமக்கல் மலைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலோரத்தில் இருப்பவன்தான் ராஜதானியா, உள்ளே வெயிலில் கம்பும் கேழ்வரகும் விளைவிக்கிறவன் யாராம்?

கடலை நான் நேரில் பார்த்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். பார்த்தபோது என் கண் முதலில் மதகைத்தான் தேடியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஓர் உத்தேசம்

மாசி மாதத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த ஊரில் பள்ளி வயதுப் பெண்பிள்ளைகள் சொற்பமே என்று பட்டியலில் காண்கிறபடியால், பள்ளியை மூடிவிட்டு, இப்போது வருகிற சிலரை இரண்டு மைலுக்கு அப்பாலுள்ள ஆண்கள் பள்ளியில் சேர்க்க உத்தேசம் என்றும், இன்ஸ்பெக்ட்ரஸ் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றும் எழுதியிருந்தது.

உத்தேசமாம். நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு இரு பக்கமும் கள்ளிக்காடு. அதைத் தாண்டி எந்தத் தாய் பெண்ணை அனுப்புவாள்? எனக்கென்ன, வேறு ஊர் கிடைத்துவிடும். இந்தப் பெண்கள் எழுதப் பழகிய கையோடு ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பட்டியல் எழுதியவர் மேல் தப்பில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் எழுதினார். சொன்னவர்கள்தான் சரியாகச் சொல்லவில்லை. ஐந்து பெற்றவள் “ரெண்டுங்க” என்றாள். நான்கு பெற்றவள் “என்னமோ சாமி குடுத்தது இருக்குதுங்க” என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பிள்ளைத் தொகையை வாய்விட்டுச் சொன்னால் ஒன்று குறைந்துவிடும் என்பது அந்தப் பக்கத்துப் பயம்.

கிணற்றடியில் பெண்கள் கூடியிருந்தபோது போய் நின்று கத்தினேன். “உங்க வாயாலேயே உங்க புள்ளைங்க படிப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே. மூணு பேரை ஒருத்தின்னு சொன்னா, மீதி ரெண்டு பேரு என்ன காத்தா?”

பாவாயி அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். செங்கோடன் என்கிற குடியானவரின் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் மகள் செல்லாயி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள். அவளுக்கு இளையவர்கள் இரண்டு பேரும் ஆட்டுக்குப் பின்னால் திரிந்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சரு. அம்மை குத்தறவரு ஒருக்கா வந்து பொட்டப்புள்ளைங்க எத்தனைன்னு கேட்டாருங்க. நான் நெஞ்சு நிமித்திக்கிட்டு நாலுன்னு சொன்னேன். அடுத்த அமாவாசை வரலீங்க, பெரியவ பேதியில போயிட்டா. அப்புறம் எப்படிங்க வாய் வரும்?”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “மன்னிச்சிடுங்க அக்கா” என்றேன்.

எண்ணிக்கைக்குப் பயந்த பூமி

இந்தப் பயத்தை மூடத்தனம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் சின்ன வயதில் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னார்கள். சேலம் ஜில்லாவில் ஊர் ஊராகக் காலியானதாம். கஞ்சித் தொட்டி வாசலில் ஆட்களை உட்காரவைத்துத் தலையைத் தொட்டு எண்ணுவார்களாம். மறுநாள் எண்ணும்போது தலை குறைந்திருக்குமாம். எண்ணியதனால் குறையவில்லை, பசியால் குறைந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனதில் இரண்டும் சேர்ந்து பதிந்துவிட்டன.

அப்படிக் காலியான பூமிதான் திரும்ப நிறைந்தது. ஏற்றம் இறைத்து, கல்லைப் பொறுக்கி எறிந்து, ஆமணக்கும் நிலக்கடலையும் போட்டு, பிள்ளை பெற்று, அதில் பாதியைப் பறிகொடுத்து, மறுபடி பெற்று நிறைத்தார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த ஜனக்கணக்கில் ராஜதானி பெருகிக்கொண்டே போனது என்று என் புத்தகம் மூன்று வரியில் சொல்லிற்று. அந்தப் பெருக்கத்தில் எங்கள் பெண்கள் பெற்றது எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, ஏனென்றால் அவர்கள் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு அவர்களை நினைத்தால் இன்றைக்கும் பெருமைதான்.

ஊர் கூடி மண் பிசைந்தது

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்குள் பள்ளிக்கூடத்தின் தரத்தைக் காட்டியாக வேண்டும். வாசலில் மண்ணால் ராஜதானியின் படம் செய்வது என்று முடிவெடுத்தேன். மலை, ஆறு, சமவெளி, கடல் எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும்.

வகுப்புப் பெண்கள் ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் தாய்மார்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் செங்கோடன் மண்வெட்டியோடு வந்து நின்றார். “இப்படிப் பெசைஞ்சா வெடிச்சுப் போயிருமுங்க” என்று எங்களை விலக்கிவிட்டு, ஏரிக் களிமண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்.

கொட்டும்போது எண்ணினார். “லாபம், ரெண்டு, மூணு.”

களத்தில் தானியம் அளக்கிறவர்கள் விளைச்சல் பெருகட்டும் என்று முதல் படியை ஒன்று எனச் சொல்லாமல் லாபம் எனச் சொல்லுவது எனக்குத் தெரியும். “மண்ணுக்குமா லாபம்?” என்று சிரித்தேன்.

“எண்ணறதுன்னா அப்படித்தாங்க ஆரம்பிக்கோணும். அது மண்ணா இருந்தா என்ன, பொன்னா இருந்தா என்ன?” என்றார் அவர்.

நாமக்கல் மலைக்கு ஒரு கருங்கல்லை நட்டோம். புத்தகத்தில் இல்லாவிட்டால் போகட்டும், என் படத்தில் உண்டு. சேர்வராயன் மலைக்கு வைக்கோல் கலந்த மண். காவிரிக்கு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. கிழக்கிலும் மேற்கிலும் பள்ளம் வெட்டி, களிமண் பூசி, துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினோம். உப்பைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலம் அது. “கடல்னா உப்புக் கரிக்கோணுமில்லீங்க” என்று பாவாயி அக்கா ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

வேலைக்கு நடுவில் சரித்திரப் பாடமும் நடந்தது. வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து கடலோர மணலில் கோட்டை கட்டியதையும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்ததையும், மைசூர்ச் சண்டைக்குப் பின் சேலம் அவர்கள் கைக்குப் போனதையும் சொன்னேன். செங்கோடன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“அவிங்க வாரதுக்கு முன்னாடி நம்மூரு இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப ராஜதானிய நம்ம பக்கத்துல இருந்து ஆரம்பிச்சாத்தானுங்க சரி. கடல்ல இருந்து ஏன் ஆரம்பிக்கறாங்க?”

அடுத்த நாளிலிருந்து பாடத்தை நாமக்கல்லிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

படத்தில் எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பாவாயி அக்கா ஒரு கொட்டாங்கச்சியைப் பதித்தாள். “டீச்சரு, நாங்க வாயால சொல்ல மாட்டோமுங்க. கையால போடறோம். ஊட்டுல இருக்கற பொட்டப்புள்ளை ஒவ்வொருத்திக்கும் ஒரு கொட்டமுத்து. நீங்க பாக்கக் கூடாது.”

கொட்டமுத்து என்றால் ஆமணக்கு விதை. அந்தக் காட்டில் எந்த மடியிலும் நாலு கிடக்கும். ஒரு வாரம் முழுக்கத் தண்ணீர் சுமந்து போகிற பெண்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிஷம் நின்று போனார்கள். பார்க்கக் கூடாது என்றால் பார்க்காமல் இருக்கிற ஆளா நான்? ஜன்னலோரமாக நின்று பார்த்தேன். பாவாயி அக்கா நான்கு முத்துப் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை. பிறகு ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நான் ஜன்னலை விட்டு வந்து அழுதேன்.

பப்பாளிக் காம்பு

இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற அன்று காலை வாசலைப் பெருக்க வந்தபோதுதான் மதகைப் பார்த்தேன். செங்கோடன் விடிந்ததும் வந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

“சேசுவே மாதாவே, இது என்னங்க வேலை? கடலுக்கு ஏதுங்க மதகு?”

“ஏனுங்க, மதகு இல்லாத தண்ணியும் உண்டுங்களா?” என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

உண்டு என்று புத்தகத்தில் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. நேரில் பார்த்திருந்தால் அடித்துச் சொல்லியிருப்பேன். அதற்குள் புதுச்சத்திரத்துப் பக்கமிருந்து மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. இப்போது பிடுங்கினால் கடல் முழுக்க வடிந்துவிடும். விட்டுவிட்டேன்.

வண்டியிலிருந்து இறங்கியவர் ஒல்லியான, சிரிக்காத மனுஷி. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், செல்லாயியை ஒரு பாட்டுப் படிக்கச் சொன்னார். கடைசியாகத்தான் படத்துக்கு வந்தார். வந்ததும் நேரே மதகில் குடையை வைத்தார். ஆரம்பத்தில் சொன்னது அந்த இடத்தைத்தான்.

குடையைக் கீழே வைத்தார்

“கடலுக்கு எதுக்கு மதகு?” என்று அவர் இரண்டாம் முறை கேட்டபோது செங்கோடன் முன்னால் வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாந்தானுங்க வெச்சேன். டீச்சரு எல்லா ஆத்தையும் கொண்டுபோய் இதுல உட்டுப்புட்டாங்க. காவேரி, கோதாவரி, கிருஷ்ணா அத்தனையும். வெளிய போக வழியே வெக்கலீங்க. ஐப்பசி மழை புடிச்சா தாங்குமுங்களா? அதை ஒட்டி இருக்கற ஊர்ச்சனம் எங்கீங்க போவும்?”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் குடையைக் கீழே வைத்தார். படத்தில் காவிரி கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்தார்.

“நான் இங்க பொறந்தவ. நாகப்பட்டினத்துப் பக்கம். நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப ஒரு புயல்ல கடல் எங்க தெருவுக்குள்ள வந்துது. எங்க அம்மா அதுலதான் போனாங்க.” அந்த இடத்து மண்ணை விரலால் தடவினார். “இவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு, பார்க்காத எங்க ஊருக்காக ஒருத்தர் மதகு வெச்சிருக்கார்.”

செங்கோடன் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். பாவாயி அக்கா கண்ணைத் துடைத்தாள். சரி, பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அவர் நிமிர்ந்தபோது பழைய முகம் வந்துவிட்டது. “ஆனா கடலுக்கு மதகு கிடையாதும்மா. புள்ளைங்க தப்பாப் படிச்சிடும், எடுத்துடுங்க. இதுக்காக நான் பள்ளிக்கூடத்தை வெச்சிருக்கவும் முடியாது. எனக்குத் தேவை புள்ளைங்க கணக்கு. பட்டியல்ல இருக்கறது போதாது.”

நான் கொட்டாங்கச்சியைக் காட்டினேன். நிறைந்து வழிந்து, எங்கள் ஊரைச் சுற்றி வயலிலெல்லாம் முத்து சிதறியிருந்தது. வழக்கத்தையும் பயத்தையும் திக்கித் திணறிச் சொன்னேன்.

“முத்தை யார் வேணும்னாலும் எத்தனை வேணும்னாலும் போடலாமே” என்றார் அவர். அதிகாரியாகக் கேட்க வேண்டிய கேள்விதான்.

பாவாயி அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரே ஒரு முத்து.

“இல்லாத புள்ளைக்கு முத்துப் போட எவளுக்குங்க மனசு வரும்? செத்துப்போனவளுக்குப் போட்டுட்டு, நான் திருப்பி எடுத்துக்கிட்டேனுங்க.”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பாவாயி அக்காவின் கையை முத்தோடு சேர்த்து மூடினார். பிறகு, பட்டுக்கரைப் புடவையோடு மண் தரையில் உட்கார்ந்தார். கொட்டாங்கச்சியைப் பெயர்த்து எடுத்து மடியில் கொட்டி, சிதறியதையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். எண்ணப் போகிறார் என்று தெரிந்ததும் பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் முதல் முத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

“லாபம்” என்றார்.

பொத்திய கை இறங்கியது. “எங்க ஊர்ல நெல் அளக்கறப்ப அப்படித்தான் ஆரம்பிப்போம். நீங்க?” என்று தலையை நிமிர்த்திக் கேட்டார்.

“நாங்களும் அப்படித்தானுங்க அம்மணி” என்றாள் பாவாயி அக்கா.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். செங்கோடன் என் கண்ணெதிரில் மண்ணைக்கூட அப்படித்தானே எண்ணினார். “ரெண்டு, மூணு” என்று அந்த அம்மாள் தொடர, நாலாவது முத்திலிருந்து பெண்களும் கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டு. தங்கள் பெண்களின் தொகையை அந்த ஊர்த் தாய்மார்கள் சத்தமாகச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டியலில் இருந்ததைப்போல இரண்டு பங்குக்கும் மேல் வந்தது. அவர் அதைத் தன் நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

வண்டி ஏறும்போது, “மதகை இன்னும் எடுக்கலையே” என்றார் என்னிடம்.

“எடுத்துடறேங்கம்மா.”

“நான் ஊர் எல்லையைத் தாண்டினப்புறம் எடுங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அடைப்பைப் பிடுங்கினோம். கடல் வாய்க்கால் வழியாக ஓடிப் பாத்தியில் பாய்ந்தது. பாவாயி அக்கா போட்ட உப்பில் என் கீரை மொத்தமும் பட்டுப்போயிற்று. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

பள்ளியைத் தொடர்ந்து நடத்தலாம் என்று உத்தரவு வந்தது. கோடை விடுமுறை முடிந்து திறந்த அன்று, கூடத்தில் உட்கார இடமில்லாமல் பெண்கள் புங்கமரத்தடி வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்கோலை வெளியே சாத்தி வைத்துவிட்டு வந்த பாவாயி அக்காவின் கடைசி இரண்டு பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். தாய்மார்கள் வீட்டுக்குப் போகாமல் வேலியோரம் நின்று, நான் பெயர் கூப்பிடப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதிய பதிவேட்டைப் பிரித்தேன். முதல் வரியில் செல்லாயியின் பெயர் இருந்தது. வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “லாபம், செல்லாயி” என்றேன்.

“வந்திருக்கேனுங்க டீச்சரு” என்று எழுந்து நின்றாள் அவள்.